தெனெரீஃபேவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: பேச்சு, நேரம், பழக்கவழக்கம்

லண்டன், பாரிஸ், சூரிக் பக்கம் இருக்கும் தமிழர்களுக்குக் குளிர்காலத்தில் வெயில் காண எட்டும் தூரத்தில் இருக்கிற இடம் கானரித் தீவுகள். ஸ்பெயினுக்குச் சொந்தம் என்றாலும், ஸ்பெயின் நாட்டுக் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்குப் பக்கத்தில் அட்லாண்டிக் கடலில் கிடக்கின்றன. அவற்றில் பெரியது தெனெரீஃபே. நடுவில் 3,715 மீட்டர் உயர தெய்தே எரிமலை. மலைக்குத் தெற்கே காய்ந்த மண்ணும் ஹோட்டல்களும், வடக்கே பச்சையும் மேகமும் பழைய ஊர்களும்.

தெற்கில் லோஸ் கிறிஸ்த்தியானோஸ், கோஸ்தா அதேஹே பக்கம் தங்கினால் ஆங்கிலமே போதும். உணவுப் பட்டியலும் ஆங்கிலத்தில், சாப்பாடும் எந்த நேரமும். அங்கிருந்து வடக்கே ஒரு நாள் போய்வருகிறவர்கள்தான் முகம் வாடித் திரும்புகிறார்கள். கடை பூட்டியிருந்தது, சமையலறை மூடிவிட்டார்களாம், பஸ் போய்விட்டது, கேட்டால் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்பார்கள். தீவுக்காரர்கள் உண்மையில் மிகவும் அன்பானவர்கள். அவர்களுடைய கடிகாரத்தையும், பேச்சைத் தொடங்கும் முறையையும் தெரிந்துகொண்டு போனால் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை வராது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

புறப்படும் முன்

இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு, ஷெங்கன் நாடு ஒன்றில் வசிக்கும் அனுமதி இல்லையென்றால், ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டனில் வசிக்கும் அனுமதி இருப்பது இதற்கு ஈடாகாது. தீவுதானே, தனி விதி இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

தீவில் இரண்டு விமான நிலையங்கள் உண்டு. வடக்கில் ஒன்று லா லகூனா ஊருக்குப் பக்கத்தில், தெற்கில் ஒன்று கடற்கரை ஊர்களுக்குப் பக்கத்தில். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் தெற்கில் இறங்கும். ஸ்பெயின் நகரங்களிலிருந்தும் மற்ற கானரித் தீவுகளிலிருந்தும் வருபவை பெரும்பாலும் வடக்கில். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம். சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

எங்கே தங்குவது என்று கேட்டால் நான் வடக்குக் கரையிலுள்ள புவேர்த்தோ தே லா குரூஸ் என்றுதான் சொல்வேன். வெயில் கொஞ்சம் குறைவு, அலை கொஞ்சம் பெரிது. ஆனால் அது மனிதர்கள் வாழ்கிற ஊர். காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் மாலையில் சதுக்கத்தில் உட்காரும் பெரியவர்களையும் பார்க்கலாம். குழந்தைகளோடு கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்றால் தெற்கே போங்கள், அதிலும் தவறில்லை.

கைபேசி விஷயத்தில் ஒன்று: ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம் என்றால் இங்கே ரோமிங் தனிக் கட்டணம் இல்லாமல் ஓடும். சுவிஸ் சிம், பிரிட்டிஷ் சிம், இந்திய சிம் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் தங்கள் நிறுவனத்தின் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை என்பதை அங்கே வசிப்பவர்களே சில நேரம் மறந்துவிடுகிறார்கள், பில் வரும்போதுதான் ஞாபகம் வரும்.

கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வையுங்கள்

கானரித் தீவுகளின் நேரம் மட்ரிட் நேரத்தைவிட ஒரு மணி குறைவு. ஸ்பெயின் வானொலியில் நேரம் சொல்லும்போதெல்லாம் ‘ஊனா ஓரா மேனோஸ் என் கனாரியாஸ்’ என்று சேர்த்துச் சொல்வார்கள்: கானரியில் ஒரு மணி குறைவு. லண்டன் நேரமும் இந்தத் தீவின் நேரமும் ஆண்டு முழுக்க ஒன்றே. பாரிஸ், சூரிக், பெர்லினிலிருந்து வருபவர்கள் ஒரு மணி பின்னால் வைக்க வேண்டும். மட்ரிட் வழியாக வந்து போகிறவர்கள் சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதை நினைவில் வையுங்கள்.

நேரம் சொல்லும் முறையில் நமக்கு ஒரு வழுக்கல் உண்டு. ஏழரை மணி பிரச்சினையில்லை, ‘சியேத்தே இ மேதியா’, ஏழும் அரையும். ஆனால் ஏழே முக்காலை அவர்கள் எட்டிலிருந்து கழித்துச் சொல்வார்கள்: ‘ஓச்சோ மேனோஸ் குவார்த்தோ’, எட்டுக்குக் கால் மணி குறைவு. காதில் ‘ஓச்சோ’ மட்டும் விழுந்து எட்டு மணிக்குப் போனால் பஸ் போயிருக்கும். பஸ், படகு, சுற்றுலா என்று எதுவானாலும், சொன்ன நேரத்தை இருபத்துநான்கு மணிக் கணக்கில் எழுதிக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று ‘மஞானா’. அதற்கு நாளை என்றும் பொருள், காலை என்றும் பொருள். நாளைக் காலை என்றால் ‘மஞானா போர் லா மஞானா’.

முதலில் வணக்கம், அப்புறம்தான் கேள்வி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

கடைக்குள் நுழைகிறீர்கள். நேராகப் போய் ‘தண்ணீர் இருக்கிறதா?’ என்று கேட்பது இங்கே பண்பில்லாத செயல். ஆங்கிலத்தில் கேட்டாலும் சரி, ஸ்பானிஷில் கேட்டாலும் சரி. முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், அவர் பதில் வணக்கம் சொல்ல வேண்டும், பிறகுதான் கேள்வி. காலையில் ‘புவெனோஸ் தியாஸ்’. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு இருட்டும் வரை ‘புவெனாஸ் தார்தேஸ்’. இருட்டிய பிறகு ‘புவெனாஸ் நோச்சேஸ்’. எது என்று குழப்பமாக இருந்தால் வெறும் ‘புவெனாஸ்’ என்று சொல்லிவிடலாம், அவர்களே அப்படித்தான் சொல்வார்கள்.

கடை மட்டுமல்ல. மின்தூக்கியில் ஏறும்போது, மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் போகும்போது, பஸ்ஸில் ஓட்டுநரைப் பார்த்து, மலைப்பாதையில் எதிரே வருபவரைப் பார்த்து, எல்லா இடத்திலும் வணக்கம் உண்டு. வெளியே போகும்போது ‘அஸ்தா லுவேகோ’. மறுபடி பார்க்கப்போவதே இல்லை என்றாலும் அதையே சொல்வார்கள். உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைக் கடந்து போனால் ‘கே அப்ரொவேச்சே’ என்பார்கள், நல்லபடியாகச் சாப்பிடுங்கள் என்கிற அர்த்தத்தில். நீங்களும் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

வரிசை விஷயமும் வணக்கத்தோடு சேர்ந்ததுதான். சந்தையில், மருந்துக் கடையில், வங்கியில் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். வரிசையே இல்லை என்று தோன்றும். வரிசை உண்டு, அது அவர்கள் மனதில் இருக்கிறது. உள்ளே போனதும் ‘புவெனாஸ், எல் ஊல்த்திமோ?’ என்று கேளுங்கள், கடைசி ஆள் யார் என்று. ஒருவர் ‘யோ’ என்று கை காட்டுவார். அவருக்குப் பின் நீங்கள். அடுத்து வருபவர் கேட்டால் நீங்கள் ‘யோ’ சொல்ல வேண்டும். அதன்பின் நிம்மதியாக நாற்காலியில் போய் உட்காரலாம். இந்த ஒரு கேள்வி தெரியாமல் பின்னால் வந்தவர்கள் முந்திப் போகிறார்கள் என்று கோபப்படுகிற பயணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களிடம் பேசும்போது ‘உஸ்தேத்’ வடிவம், அதாவது நீங்கள். சம வயதுக்காரர்கள் சீக்கிரமே ‘தூ’வுக்கு, அதாவது நீ என்பதற்கு மாறிவிடுவார்கள். நம் பழக்கத்தையே வைத்துக்கொண்டால் போதும். பலரைச் சேர்த்துச் சொல்லும்போது ஸ்பெயின் நாட்டுக்குள் நெருக்கமானவர்களுக்கு வேறொரு சொல் உண்டு. கானரியில் எல்லோருக்கும் ‘உஸ்தேதேஸ்’தான். கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு வேலை குறைந்தது. கடைக்கார அம்மா உங்களை ‘மி நிஞோ’, ‘மி நிஞா’ என்று கூப்பிட்டால், என் பிள்ளை என்று பொருள். உங்கள் வயது அறுபதானாலும் கூப்பிடுவார்கள்.

அறிமுகம் செய்யும்போது ஆணும் ஆணும் கை குலுக்குவார்கள். பெண்கள் இருந்தால் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம், சில இடத்தில் ஒன்று, சில இடத்தில் இரண்டு. உங்களுக்கு அது கூச்சமாக இருந்தால் முதலிலேயே சிரித்த முகத்தோடு கையை நீட்டிவிடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், ‘எஸ் இந்தூ?’ என்று உங்களைக் கேட்கலாம். மதத்தைக் கேட்கிறார்களோ என்று சங்கடப்பட வேண்டாம். இந்தியாவிலிருந்து வந்தவரா என்பதைத்தான் பேச்சு ஸ்பானிஷில் அப்படிக் கேட்கிறார்கள், நீங்கள் கிறிஸ்தவரோ முஸ்லிமோ யாராக இருந்தாலும். இலங்கைக்காரர் என்றால் ‘நோ, தே ஸ்ரீ லங்கா’ என்றால் முடிந்தது. இந்திய முகம் தீவுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்தே சிந்தி வணிகர்கள் கானரித் துறைமுக ஊர்களில் கடை வைத்திருக்கிறார்கள்.

தீவுக்காரரிடம் பேசும்போது ஸ்பெயினின் மற்ற பகுதியை ‘லா பெனின்சுலா’, தீபகற்பம், என்று சொல்லுங்கள். ‘ஸ்பெயினில் அப்படி, இங்கே இப்படி’ என்று நீங்கள் பிரித்துப் பேசினால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும், தங்களை ஸ்பெயினுக்கு வெளியே தள்ளியதுபோல.

உச்சரிப்பு

தமிழ் வாய்க்கு ஸ்பானிஷ் எளிது. உயிர் ஒலிகள் ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. ஆங்கிலப் பழக்கத்தில் ‘ட’ போடாமல் பல்லில் நாக்கு படும் ‘த’ போடுங்கள், பாதி வேலை முடிந்தது. ஜே எழுத்தைக் கண்டால் ‘ஹ’. எச் எழுத்தைக் கண்டால் ஒலியே இல்லை. இரட்டை எல் வந்தால் ‘ய’ மாதிரி. என் எழுத்தின் தலையில் அலைக்கோடு இருந்தால் அது நம் ‘ஞ’வேதான். ஆங்கிலேயர் திணறுகிற இடத்தில் நாம் திணற வேண்டியதில்லை.

கேட்பதுதான் கடினம். தீவுக்காரர்கள் சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ ஒலியை மூச்சாக விட்டுவிடுவார்கள். ‘புவெனாஸ் தார்தேஸ்’ காதில் ‘புவெனா தார்தே’ என்றுதான் விழும். செயலியில் ஸ்பானிஷ் படித்துவிட்டு வருபவர்களும் முதல் சில நாள் திகைப்பார்கள். ‘மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்’ என்றால் கொஞ்சம் மெதுவாக. ‘நோ என்தியெந்தோ’ என்றால் புரியவில்லை. இரண்டையும் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ‘ஆப்லா இங்லேஸ்?’ என்று கேட்பதைவிட, உடைந்த ஸ்பானிஷில் தொடங்கிவிட்டு அவர்களே ஆங்கிலத்துக்கு மாறும்வரை விடுவது நல்லது. குரல் உயர்த்தி, ஒருவர் பேச்சில் மற்றவர் புகுந்து பேசுவார்கள். அது சண்டை அல்ல.

சொற்களிலும் சில வேறுபாடு. பஸ்ஸுக்கு இங்கே ‘குவாகுவா’. உருளைக்கிழங்கு ‘பாப்பா’. மக்காச்சோளம் ‘மீயோ’. பாடப்புத்தகச் சொல்லைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் ‘குவாகுவா எங்கே நிற்கும்?’ என்று கேட்டால் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

எப்போது எது திறந்திருக்கும்

வங்கி, அரசு அலுவலகம் எல்லாம் மதியம் இரண்டோடு சரி. எந்த வேலையானாலும் காலையிலேயே முடியுங்கள். சிறிய கடைகள் காலை பத்து மணி வாக்கில் திறந்து ஒன்றரைக்கு மூடும், மறுபடி ஐந்துக்குத் திறந்து எட்டு வரை. சனிக்கிழமை பெரும்பாலும் காலை மட்டும். ஞாயிறு பூட்டு. சுற்றுலாப் பகுதிக் கடைகளும் பெரிய வணிக வளாகங்களும் நடுவில் மூடாமல் இருக்கும். பெரிய பல்பொருள் அங்காடிகளிலும் பல ஞாயிறன்று மூடிவிடும் என்பதால், குழந்தைக்குப் பால், அரிசி, தண்ணீர் போன்றவற்றைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கள் விடுமுறை.

ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஆண்டில் இரண்டு நாள் சொந்த விடுமுறை உண்டு. தீவில் 31 ஊராட்சிகள். அதனால் ஒரு ஊரில் எல்லாம் பூட்டியிருக்கும்போது பக்கத்து ஊர் வழக்கம்போல இயங்கும். மே 30 கானரித் தீவுகள் தினம். ஆகஸ்ட் 15 அன்று தீவின் காவல் தெய்வமான கந்தெலாரியா மாதாவின் விழாவுக்கு முந்தின இரவே மக்கள் நடைபயணமாகக் கிளம்பிவிடுவார்கள். ஜனவரி 6 மூன்று அரசர்கள் திருநாள், குழந்தைகளுக்குப் பரிசு கிடைக்கும் நாள். பிப்ரவரி அல்லது மார்ச் தொடக்கத்தில் தீவின் தலைநகரான சாந்தா குரூஸில் கார்னிவல். அந்த வாரத்தில் தலைநகரில் அறை வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னால் போட வேண்டும், தூக்கத்தையும் எதிர்பார்க்கக்கூடாது.

இனி சாப்பாட்டு நேரம். பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் நடக்கின்றன. காலை எழுந்ததும் ஒரு காபி. பத்தரை, பதினொன்றுக்குச் சிற்றுண்டி. மதியச் சாப்பாடு ஒன்றரையிலிருந்து மூன்றரைக்குள். நாலு மணிக்குமேல் சமையலறை மூடிவிடும். அப்புறம் இரவு எட்டு, எட்டரை வரை சூடான சாப்பாடு கிடைப்பது கடினம். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான் களை கட்டும். பன்னிரண்டு மணிக்கு மதியச் சாப்பாடு, ஆறரைக்கு இரவுச் சாப்பாடு என்று பழகிய குடும்பம் இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். குழந்தைகளுக்கு மாலை ஆறு மணிக்குக் கொடுக்க எதையாவது பையில் வைத்திருங்கள். பெரியவர்கள் மதியத்தை இரண்டு மணிக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இரவை எளிமையாக வைத்துக்கொள்வது எனக்குத் தெரிந்தவரை சிறந்த ஏற்பாடு. வேலை நாட்களில் பல உணவகங்களில் ‘மெனூ தெல் தியா’ இருக்கும்: முதல் உணவு, இரண்டாவது உணவு, குடிக்க ஒன்று, கடைசியில் இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. தனித்தனியாக வாங்குவதைவிட மிகவும் மலிவு.

சாப்பிடும் இடத்தில்

கேட்கும் முறை: ‘புவெனாஸ், மே போனே உன் கொர்த்தாதோ, போர் ஃபவோர்’. கொர்த்தாதோ என்பது சிறிய கண்ணாடிக் குவளையில் பால் கலந்த காபி. இனிப்பான பால் காபிக்குப் பழகியவர்கள் ‘லேச்சே இ லேச்சே’ கேளுங்கள், கண்டென்ஸ்டு பாலும் சாதாரணப் பாலும் சேர்த்துத் தருவார்கள். அடுக்கடுக்காகப் பார்க்க அழகாக இருக்கும் ‘பர்ராகீத்தோ’ காபி தீவின் பெருமை, ஆனால் அதில் மது ஊற்றுவார்கள். வேண்டாம் என்றால் ‘சின் லிகோர்’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாகப் படியுங்கள். ‘நோ கோமோ கார்னே’, நான் இறைச்சி சாப்பிட மாட்டேன், என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வரும். பன்றியின் உப்பிட்ட தொடையான ‘ஹமோன்’ பலர் கணக்கில் இறைச்சியாகவே படாது. ஆகவே நீட்டமாகச் சொல்லுங்கள்: ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’. முட்டையும் வேண்டாம் என்றால் ‘சின் உவேவோ’ சேருங்கள். காய்கறிக் குழம்பு, பயறு, கொண்டைக்கடலை என்று பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பாலும் இறைச்சித் துண்டோ எலும்புச் சாறோ இருக்கும். கலவை சாலட்டில் சூரை மீன் இருக்கும். வறுத்த தானிய மாவான ‘கோஃபியோ’ சைவம்தான், நம் சத்துமாவு வாசனை அடிக்கும். ஆனால் அதை உணவகத்தில் கிண்டித் தரும்போது மீன் சாற்றில் கிண்டுவார்கள். ‘தியேனே கால்தோ தே கார்னே ஓ தே பெஸ்காதோ?’ என்று கேளுங்கள்.

கவலையில்லாமல் சாப்பிடக் கூடியது ‘பாப்பாஸ் அர்ருகாதாஸ்’. சின்னச் சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு உப்பு நிறையப் போட்டு, தோல் சுருங்கும்வரை வேகவைத்தது. கூடவே ‘மோஹோ’ என்னும் பூண்டுச் சட்னி: சிவப்பு மிளகாயில் ஒன்று, கொத்தமல்லியில் ஒன்று. கொத்தமல்லி மோஹோவைத் தொட்டதும் நம்மவர்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். தோலை உரிக்க வேண்டாம். சுட்ட ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் எங்கும் கிடைக்கும். கானரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வெனிசுவேலாவுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பியவர்கள் என்பதால் ‘அரேப்பா’ கடைகளும் நிறைய. மக்காச்சோள மாவு ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியோ கறுப்பு பீன்ஸோ வைத்து வாங்கினால் சைவப் பிரச்சினை தீர்ந்தது. அசைவக்காரர்களுக்கு ஆட்டுக்கறி வேண்டுமென்றால் ‘கார்னே தே காப்ரா’. பன்றி ‘செர்தோ’ அல்லது ‘கொச்சினோ’, மாடு ‘வாக்கா’ அல்லது ‘தெர்நேரா’. தவிர்க்க வேண்டியதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வடக்கில் ‘குவாச்சின்ச்சே’ என்று ஒரு வகை இடம் உண்டு. திராட்சை பயிரிடும் குடும்பம் தன் வீட்டில் தானே செய்த மதுவை விற்கும், கூட இரண்டு மூன்று வகைச் சாப்பாடு. 2013ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்த மது இருக்கும் சில மாதம் மட்டுமே திறக்கலாம், சாப்பாட்டு வகைகளுக்கும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. பெயர்ப்பலகை பல நேரம் கையால் எழுதிய அட்டைதான். ரொக்கம் கொண்டு போங்கள், பட்டியலில் இல்லாததைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள், அது ஒருவர் வீடு. மது அருந்தாதவர்கள் தண்ணீர் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சாப்பிட்டு முடித்தபின் பில்லை அவர்களாகக் கொண்டுவர மாட்டார்கள். கேட்காமல் கொண்டுவந்து வைப்பது எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம் அவர்களுக்கு. ‘லா குவென்த்தா, போர் ஃபவோர்’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். அன்பளிப்பு கட்டாயமில்லை, திருப்தியாக இருந்தால் சில்லறையை விட்டு வரலாம்.

குவாகுவாவில் போகும் முறை

தீவுப் பஸ்களை நடத்துவது தீத்ஸா நிறுவனம். முதல் நாளே ‘தென் மாஸ்’ என்ற அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள், சீட்டு விலையைவிடக் குறைவாக வரும். ஏறும்போது தொட வேண்டும், இறங்கும்போதும் தொட வேண்டும். இறங்கும்போது மறந்தால் அதிகக் கட்டணம் போய்விடும். ரொக்கம் கொடுப்பதானால் சில்லறையாகக் கொடுங்கள், பெரிய நோட்டை ஓட்டுநர் வாங்க மாட்டார். நிறுத்தத்தில் நின்றால் மட்டும் போதாது, பஸ் வரும்போது கை காட்ட வேண்டும்.

நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் நாட்களை ஒற்றை எழுத்தில் போட்டிருப்பார்கள். திங்கள் எல், செவ்வாய் எம், புதன் எக்ஸ், வியாழன் ஜே, வெள்ளி வி, சனி எஸ், ஞாயிறு டி. புதனும் செவ்வாயும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் புதனுக்கு எக்ஸ். ‘ஃபெஸ்தீவோஸ்’ என்று இருந்தால் பொது விடுமுறை நாள், அன்று ஞாயிறு அட்டவணை ஓடும். ஞாயிறு அட்டவணையில் பஸ் மிகவும் குறைவு.

தெய்தேவுக்குப் போக புவேர்த்தோ தே லா குரூஸிலிருந்து 348, கோஸ்தா அதேஹேவிலிருந்து 342. இவை நாள் முழுக்க ஓடுகிற பஸ்கள் அல்ல. காலையில் போய்ப் பிற்பகலில் திரும்புபவை. திரும்பும் நேரத்தை ஓட்டுநரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ‘ஆ கே ஓரா வுவெல்வே?’ அதைத் தவறவிட்டால் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், மாலைக் குளிரில் நிற்க வேண்டியிருக்கும். சாந்தா குரூஸுக்கும் லா லகூனாவுக்கும் இடையே 2007 முதல் டிராம் ஓடுகிறது. லா லகூனாவின் பழைய தெருக்கள் 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. டிராமில் போய் மாலையில் நடந்து பாருங்கள்.

கார் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு சொல்: வடக்கிலிருந்து தலைநகருக்குப் போகும் நெடுஞ்சாலை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நகராது. விமானம் பிடிக்க அந்த நேரத்தில் கிளம்ப வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் பேசுதல்

அறை வைத்திருப்பவர், உணவகம், மலைவழிகாட்டி என்று எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் பதில் சொல்வார்கள். அதிலும் முதல் வரி வணக்கம். பிறகு பெயர், தேதி, நேரம், எத்தனை பேர். தேதியை நாள், மாதம் என்ற வரிசையில் போடுங்கள். பதில் குரல் செய்தியாக வந்தால் ‘போர் எஸ்கிரீத்தோ, போர் ஃபவோர்’, எழுத்தில் அனுப்புங்கள் என்று கேட்கலாம். எழுத்தாக வந்தால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுக்கொள்ளலாம். மதியம் இரண்டிலிருந்து ஐந்துக்குள் அனுப்பிவிட்டுப் பதில் இல்லையே என்று மறுபடி மறுபடி தட்ட வேண்டாம்.

மலையும் கடலும்

தெய்தே உச்சிக்கு முன்பதிவு செய்த அனுமதி இல்லாமல் ஏற முடியாது. கேபிள் கார் 3,555 மீட்டர் வரை கொண்டுபோகும், அதற்கு மேலே உள்ள கடைசிப் பாதைக்கு அனுமதி கட்டாயம். அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் மேலே போக வேண்டாம். கீழே இருபத்தைந்து டிகிரி அடிக்கும் நாளில் மேலே கம்பளிச் சட்டை வேண்டியிருக்கும். கல்லோ மண்ணோ எடுத்து வரக்கூடாது, தேசியப் பூங்காவில் அது குற்றம்.

கடலை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். வடக்குக் கரையில் பாறைகளுக்கிடையே இயற்கைக் குளங்கள் இருக்கின்றன; அமைதியாகத் தெரியும், திடீரென்று பெரிய அலை பாறையைத் தாண்டி ஆளை இழுத்துவிடும். சிவப்புக் கொடி என்றால் கால் நனைக்கவும் இறங்காதீர்கள். மஞ்சள் என்றால் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் யோசிக்க வேண்டும். குழந்தைகளோடு போக ஏற்றது சாந்தா குரூஸ் பக்கத்து லாஸ் தெரெசீத்தாஸ். அலைதடுப்பு கட்டி, சகாராவிலிருந்து மணல் கொண்டுவந்து 1973இல் அமைத்த கடற்கரை அது. கடற்கரையை விட்டு ஊருக்குள் வரும்போது மேலே உடை போட்டுக்கொள்ளுங்கள். தேவாலயத்துக்குள் போனால் தோள் மூடியிருக்கட்டும், பூசை நடக்கும்போது படம் எடுக்க வேண்டாம்.

சகாராவிலிருந்து தூசிக் காற்று அடிக்கும் நாளை ‘கலீமா’ என்பார்கள். வானம் பழுப்பாகிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று அறையில் இருங்கள்.

2024 ஏப்ரல் 20 அன்று கானரித் தீவுகள் எங்கும் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கி, சுற்றுலாவுக்கு ஒரு எல்லை வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டு வாடகை எட்டாத உயரத்துக்குப் போனதும் தண்ணீர்த் தட்டுப்பாடும் அவர்கள் கவலை. அந்தக் கவலை நியாயமானது, பயணிகளாகிய நாமும் அதில் ஒரு பங்கு. குடியிருப்பில் தங்கினால் இரவு பதினொன்றுக்குமேல் மொட்டைமாடியில் சத்தம் வேண்டாம். தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள். அனுமதி பெற்ற தங்குமிடமா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். உள்ளூர்க்காரர் கடையில் சாப்பிடுங்கள்.

உடம்பு சரியில்லை என்றால்

எந்த அவசரத்துக்கும் 112. ஆங்கிலத்திலும் பேசலாம். சின்னத் தொந்தரவுக்குப் பச்சைச் சிலுவை போட்ட ‘ஃபார்மாசியா’வுக்குப் போங்கள், மருந்தாளர்கள் பொறுமையாகக் கேட்டுச் சொல்வார்கள். இரவிலும் ஞாயிறன்றும் முறை வைத்து ஒன்று திறந்திருக்கும். எது என்று மூடிய மருந்துக் கடையின் கதவில் ஒட்டியிருப்பார்கள், ‘ஃபார்மாசியா தே குவார்தியா’ என்ற தலைப்பில். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையின் பெயரைவிட அதிலுள்ள மருந்தின் பெயரை எழுதி வைத்திருங்கள். வெளியூர்ப் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

திரும்பும்போது

கானரித் தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே இருப்பவை. இங்கே ஐகிக் என்ற தனி வரி, பொதுவாக 7 சதவீதம். அதனால் மதுவும் வாசனைத் திரவியமும் மலிவு. ஆனால் அதே காரணத்தால் ஐரோப்பிய நாடுகளுக்குத் திரும்பும்போதும் சுங்க வரம்பு உண்டு. மதுவையும் புகையிலையையும் அளவோடு வாங்குங்கள். மோஹோ பாட்டிலும் தேனும் வாங்கினால் அவை திரவக் கணக்கில் வரும், கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். டாக்சி ஓட்டுநரிடம் ‘அல் ஏரோபுவேர்த்தோ’ என்று மட்டும் சொல்லாமல் ‘நோர்த்தே’வா ‘சூர்’ரா, வடக்கா தெற்கா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.